உட்கார்ந்திருக்கிறதா, தொங்குகிறதா?

மேடையில் வீற்றிருக்கும் மின்நிலைய மேலாளர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு வந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, காலை ஷிஃப்ட் முடித்துக் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் தலைமை ஃபிட்டர், நாம் 'புள்ளிக்காரர்' என்றே கூப்பிட்ட அண்ணன், போன வியாழக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். ஏன் அந்தப் பெயர்? ஒரு மில்லிமீட்டரை நூறு புள்ளியாக வகுத்து, அதில் இரண்டு புள்ளி கூடினாலே சோறு இறங்காத மனிதர் அவர்! "அங்கே புள்ளி பாக்குறாரு, வீட்டுல சாப்பாட்டு மேசை மூணு வருஷமா ஆடுது, அதைக் கேளுங்க" என்று அண்ணி எங்களிடமே புகார் சொல்லியிருக்கிறார். "ஆடட்டுமே, அதுலயா கரண்ட் எடுக்கப் போறோம்?" என்பார் அண்ணன்.

உறவினர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எஞ்சினின் வயிற்றுக்குள் கிராங்க் ஷாஃப்ட் என்று ஒரு கனத்த தண்டு உண்டு. வரிசையாக இருக்கும் பேரிங்குகளின்மேல் அது நேராக உட்கார்ந்து சுழல வேண்டும். ஒரு பேரிங் தேய்ந்து இறங்கினால், தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து வளைந்து, ஒருநாள் முறிந்தே போகும். அதனால்தான் கிராங்கின் இரண்டு கைகளுக்கு நடுவே டயல் கேஜை வைத்து, தண்டை மெல்லச் சுற்றி, கைகள் எவ்வளவு விரிகின்றன, எவ்வளவு ஒடுங்குகின்றன என்று முள்ளைப் பார்க்கிறோம்.

ஆறு வருடத்துக்கு முன், ஃபோர்மன் ஆன மிதப்பில் மூன்றாம் எஞ்சினை நானே அளந்தேன். எல்லாம் வரம்புக்குள் இருந்தது. "மூடிடலாமாண்ணே?" என்றேன்.

"முள்ளு நல்லாத்தான் சொல்லுது. தண்டு உக்காந்திருக்கா, தொங்குதா?"

சொல்லிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்து, நான்காம் பேரிங்கில், தண்டுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கும் மெல்லிய ஃபீலர் தகட்டைச் செருகினார். வழுக்கிக்கொண்டு போனது! பேரிங் தேய்ந்து கீழே போயிருந்தது. தண்டோ அக்கம்பக்கத்துப் பேரிங்குகளைப் பிடித்துக்கொண்டு, தன் விறைப்பினாலேயே நேராக நின்றிருந்தது. அப்படியே மூடிச் சுமையை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று எஞ்சினை மட்டுமா, என்னையும் அல்லவா காப்பாற்றினார்!

போன மாதம் அதே எஞ்சினைத் திறந்தோம். அண்ணன் என் மேசையில் ஒரு விடுப்புச் சீட்டு வைத்தார். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க ஒரே ஒரு நாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சரி விடு, வேலை முடியட்டும், போய்க்கிறேன்" என்றார். சீட்டைக் கிழித்தது நான்தான்.

தினமும் காலையில் கேட்டேன், "எப்படிண்ணே இருக்கு?" "நல்லா இருக்கேன்" என்றார். முள் நன்றாகத்தான் சொன்னது! அடியில் தகட்டைச் செருகிப் பார்த்தேனா? அந்த நான்காம் பேரிங்கைக் கண்ணால் கண்ட நான், பார்த்தேனா? நேற்று அண்ணி சொல்கிறார்: இரண்டு மாதமாகப் படுக்கவே முடியாமல், அந்த ஆடுகிற மேசையில் தலையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியேதான் தூங்கினாராம்.

அண்ணி, இதைத் தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். தப்பு என்னுடையது.

நாளைக் காலை, அண்ணன் விட்ட இடத்திலிருந்து மூன்றாம் எஞ்சினைத் தொடர்வோம். கேஜ் என்ன சொன்னாலும் சரி, ஒவ்வொரு பேரிங்கிலும் தண்டுக்கு அடியில் தகட்டை வைத்துப் பார்க்காமல் எஞ்சினின் ஒரு கதவும் மூடப்படாது. இது உறுதி. ஆனால் இன்னொரு வேலை நாளை வரை காத்திருக்க முடியாது.

பின்னால் நிற்கும் பம்ப் ஆபரேட்டர் தம்பி, முந்தாநாள் என்னிடம் ஒரு விடுப்புச் சீட்டை நீட்டி, "அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்று நீயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாயே, அதை எடுத்துக்கொண்டு இங்கே வா. யாராவது ஒரு பேனா கொடுங்கள்.