வருசத்து வெற்றிலை

— போதும் சிரிச்சது! பஸ்ஸுல வந்தவங்க பூரா ஒங்களையே பார்த்தாங்க. நல்லமுத்து கங்காணிக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சிருப்பாங்க.

— நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்கடி வடிவு. படத்துல அந்த மாமனாரு மீசையத் தடவிக்கிட்டு, ‘ஏலே, மேளக்காரனுக்குச் சொல்லு’ன்னாரு பாரு... அய்யோ, வயிறு வலிக்குது.

— கல்லு பார்த்து நடங்க. மழ பேஞ்ச ரோடு, சறுக்கும்.

— நான் பொறந்ததுல இருந்து ஏறுற மலை. நீ சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வா. ஹட்டன்ல இந்த மாதிரி ஒரு படம் இதுக்கு முன்ன வந்ததே இல்ல, என்ன?

— நல்லாத்தான் இருந்துச்சு.

— ‘நல்லாத்தான்’னா? நீயுந்தான் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்குன.

— அது... அந்தச் சிங்களப் பையன் பஸ் கண்டக்டர்கிட்ட தமிழ் படிச்சிட்டு வந்தான்ல, அப்ப.

— ஆமாடி! தமிழ்ப் பொண்ணுகிட்ட மொத மொதல்ல ஆசையாப் பேசப் போறான். வாயத் தொறந்தா, ‘உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, எடம் இருக்கு’ங்கிறான்!

— அதுவும் சிரிக்காமப் போயி எடம் பார்த்து ஒக்காந்துச்சு பாருங்க. நல்ல பொண்ணு.

— எல்லாத்தையும் விட அந்த வெத்தல கட்டம்தான். யாரு யோசிச்சு எழுதுனானோ, அவன் கைக்கு மோதிரம் போடணும். அவங்க சனத்துல வருசம் பொறந்தா பெரியவங்களுக்கு வெத்தல குடுத்துக் கும்புடுறது மரியாத. பாவம், அத நெனச்சுத்தான் பொண்ணோட அப்பனுக்குக் குடுக்குறான். நம்ம சனத்துல, வயசுப் பொண்ணு இருக்குற வீட்டுல ஒரு எளந்தாரி வெத்தல நீட்டி, அப்பன்காரன் அத வாங்கிட்டான்னா...

— பரிசம் போட்ட மாதிரி!

— அத்தக்காரி கொலவை போட்டுட்டா! வருச வாழ்த்துத்தான் சொல்றாங்கன்னு நெனச்சு இவனும் கூடச் சேர்ந்து கொலவை போடுறான்டி!

— அதோட நின்னானா? அடுத்த வீடு, அதுக்கடுத்த வீடுன்னு தெருப் பூராக் குடுத்துட்டுப் போறான்.

— பொழுது சாயிறதுக்குள்ள நாலு வீட்டுக்கு மாப்பிள்ள! நாலு வாசல்லயும் பந்தக்கால்! ...கொஞ்சம் நில்லுடி, என்னால முடியல.

— அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு நிக்காம, மத்த மூணு வீட்டுக்கும் போயி, ‘எங்க வீட்டு வெத்தல இங்க வந்துருச்சு, திருப்பிக் குடுங்க’ன்னு கேட்டு வாங்கியாந்துச்சே. அதான் எனக்கு ரொம்பப் புடிச்சுச்சு.

— என்ன நெஞ்சழுத்தம்! நம்ம பூரணி மாதிரி.

— ...இதுல நம்ம மகள ஏன் இழுக்குறீங்க?

— சும்மா சொன்னேன்.

— சும்மாவா?

— சும்மாதான்டி. கடைசியில அந்தப் பையன் பேசுனான் பாரு... எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ‘அன்னைக்குத் தெரியாமக் குடுத்தேன். இன்னைக்குத் தெரிஞ்சே குடுக்குறேன்’னு திரும்பவும் வெத்தலயோட வந்து நின்னான்ல. மனுசன்னா அவன் மனுசன்.

— தமிழுதான் கொஞ்சம் தடுமாறுச்சு.

— தடுமாறட்டுமே. நான் சிங்களம் பேசுனா கடைக்கார மஃறூப் நானா விழுந்து விழுந்து சிரிக்கலியா? பழகப் பழக வந்துரும்.

— அப்ப... சிங்கள மாப்பிள்ளன்னா ஒங்களுக்குப் பரவாயில்லையா?

— படத்துலதானே கேக்குற?

— ஆமா... படத்துலதான்.

— வேற என்னமோ நெனப்புல நடக்குற போல?

— ஞாயித்துக்கெழம ஒங்க தங்கச்சி காளியாயி கந்தப்பளையில இருந்து பரிசம் போட வர்றாங்கள்ல. அத நெனச்சேன்.

— அதுக்கென்ன இப்ப?

— என்னவா? அவங்க மகன் சின்னராசாவுக்குக் கட்டிக் குடுத்தா நம்ம புள்ள கப்பல் ஏறிரும். அவங்க குடும்பம் மொத்தமும் இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பாஸ்போட்டு எடுத்தாச்சு. அங்க எந்த ஊரு, எந்தத் தெருன்னு எனக்குத் தெரியுமா? நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு. அது மொகத்தப் பார்க்காம நான் எப்படிங்க இருப்பேன்?

— மெதுவாப் பேசுடி. மேல் டிவிசன் ஆளுக வருது.

— வரட்டும். ஒங்களுக்குத் தங்கச்சிக்குக் குடுத்த வாக்குதான் பெருசு. நான் என்னத்தப் பேச?

— அதுக்காக? கொழுந்து லொறி ஓட்டுறானே விமலசேன, அவனுக்கா குடுக்கச் சொல்ற?

— நான் அவன் பேரையே எடுக்கலியே! நீங்க எதுக்கு எடுத்தீங்க?

— ...வாயில வந்துருச்சு.

— அத்தனை பேரு இருக்க, அவன் பேருதான் வாயில வருமோ? ...ஒங்களுக்குத் தெரியுமா?

— மலையில நடக்குறது தெரியாம நான் என்ன கங்காணி? கொழுந்து நிறுக்குற எடத்துல மத்தவங்க சாக்க ஒத்தக் கையால தூக்கி லொறியில எறியிறான். பூரணி சாக்குன்னா ரெண்டு கையாலயும் ஏந்தி, மெதுவா வைக்கிறான். இதப் பார்த்தாப் போதாதா?

— பார்த்துக்கிட்டா சும்மா இருந்தீங்க? சித்திர வருசத்துக்கு அவன் நம்ம வீட்டுக் காம்பராவுக்கு வந்தப்ப நான் ஒங்க மொகத்தையேதான் பார்த்துக்கிட்டு நின்னேன். வெத்தலயக் குடுத்துக் கும்புட்டான். நீங்க அத வாங்கி ஒரு ஓரமா வச்சீங்க.

— நீ உள்ளுக்குப் போயி பூரணிய ஏசுன. ‘அவனுக்கு எதுக்குடி இம்புட்டுப் பலகாரம்’னு கத்துனது லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்டுச்சு.

— ஒங்களுக்குப் பயந்துதான் கத்துனேன்! எங்க கவ்வாத்துக் கத்தியக் கையில எடுத்துருவீங்களோன்னுதான்.

— எனக்குப் பயந்தா? நல்ல கூத்து! நான் ஒனக்குல்ல பயந்துகிட்டுக் கெடந்தேன்.

— ஆனா... அது அவங்க சனத்து வழக்கம்தானே. கணக்கப்பிள்ளைக்கும் குடுத்தான், டீமேக்கருக்கும் குடுத்தான். படத்துல வந்த பையன் மாதிரி, அவனும் ஒண்ணும் தெரியாமத்தான் குடுத்திருப்பான்.

— இல்லடி. அவங்களுக்குக் குடுத்தது வெறும் வெத்தல. நம்ம வீட்டுக்கு வந்த வெத்தல மேல கொட்டப்பாக்கும் விரலி மஞ்சளும் இருந்துச்சு.

— மஞ்சளா?

— மஞ்சள். அவன் இந்தத் தோட்டத்துலயே பொறந்து, நம்ம புள்ளைகளோட பந்து அடிச்சு வளர்ந்தவன். நம்ம சனத்துல வெத்தல மேல மஞ்சள் எதுக்கு வைப்பாங்கன்னு அவனுக்கா தெரியாது? தெரிஞ்சேதான் குடுத்தான்.

— அப்ப... நீங்க?

— நானும் தெரிஞ்சேதான் வாங்குனேன். ...என்னடி, அழுவுறியா?

— அழுவாம? இத்தன மாசமா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ...அய்யோ, அப்ப ஞாயித்துக்கெழம? காளியாயி வந்து நிப்பாங்களே!

— வரமாட்டா.

— ஏன்?

— போன கெழம றொசல்லைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல. றொசல்லைக்குப் போகல. கந்தப்பளைக்குப் போனேன்.

— போயி...?

— பொண்ணு மனசு வேற எடத்துல இருக்கு, என்னய மன்னிச்சிரு ஆயின்னேன்.

— அவங்க என்ன சொன்னாங்க?

— எனக்குன்னு கருவாட்டுக் கொழம்பு வச்சிருந்தா. எலயில சோத்தப் போட்டுக்கிட்டு இருந்தவ, அப்படியே அகப்பைய வச்சிட்டு உள்ள போயிட்டா. நான் எம்புட்டு நேரம் ஒக்காந்திருந்தும் வெளிய வரல. சின்னராசாதான் பஸ்ஸு ஏத்திவிட வந்தான். தங்கமான பையன். ‘அம்மாவுக்குக் கோவம் ஆறிரும் மாமா’ன்னான். ஆறுறதுக்குள்ள கப்பல் வந்துரும்டி. இனி எந்தக் காலத்துல நான் அவ மொகத்தப் பார்க்கப் போறேன்...

— ஏங்க... இங்க பாருங்க... இத மனசுல வச்சிக்கிட்டா அங்க ஒக்காந்து அப்படிச் சிரிச்சீங்க?

— அந்தப் படத்துல எம்புட்டுச் சண்டை வந்தாலும் கடைசியில எல்லாரும் ஒரே பந்தியில ஒக்காந்து சாப்புட்டுர்றாங்கள்ல. அதப் பார்க்கப் பார்க்க மனசுக்கு எதமா இருந்துச்சு.

— ஒங்களப் போயி கல்லு மனசுன்னு நெனச்சேனே. ஒங்கள மாதிரி ஒரு மனுசனக் கட்டுனதுக்கு நான் அந்த மாரியாத்தாளுக்கு...

— சரி சரி, நடு ரோட்டுல வச்சுக் கும்புடாத. நட, இருட்டப் போகுது.

— நில்லுங்க. நானும் ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது.

— சொல்லு.

— இப்ப நம்ம காம்பராவுல... விமலசேனவோட அம்மா வந்து ஒக்காந்திருக்காங்க.

— என்னது!

— பால்சோறும் பலகாரமும் எடுத்துக்கிட்டுப் பொண்ணு கேக்க வந்திருக்காங்க. நீங்க பாட்டுக்கு அந்தம்மாவ வாசல்லயே நிக்க வச்சிருவீங்களோன்னு எனக்கு ஒரே பயம். பூரணிதான் வழி சொன்னா. ‘ம்மா, நீ சரின்னுட்ட, இனி அப்பா மனசத்தான் கரைக்கணும். ஹட்டன்ல ஒரு படம் ஓடுது, எப்படியாவது கூட்டிட்டுப் போ’ன்னு காலையில என் கையப் புடிச்சிக்கிட்டா.

— ...யாரு, பூரணியா?

— ஆமா. ஏன் இப்படி முழிக்கிறீங்க?

— அடியே வடிவு... ‘ப்பா, நீங்க சரின்னுட்டீங்க, இனி அம்மா மனசத்தான் கரைக்கணும், படத்துக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு நேத்து என்கிட்டயுல்ல சொன்னா ஒன் மக!