குணமானவங்க எத்தனை பேரு

அந்த நாற்காலி வேணாம் சார், அது ஆடும். இங்க வர்ற பசங்களையே அதுல உக்கார வைக்கிறதில்ல, ஏற்கெனவே ஆடிப்போய்த்தான் வருதுங்க. ஆலோசகரம்மா உள்ள ஒரு பையன்கூடப் பேசிட்டு இருக்காங்க. அவங்களா வர்றவரைக்கும் கூப்பிடக் கூடாது. மானியத்தை நிறுத்தறதா வேணாமான்னு பாக்க வந்த ஆபீசரா இருந்தாலும் கூப்பிடக் கூடாது. கோவிச்சுக்காதீங்க.

நானா? கூட்டறது, டீ போடறது. பசங்க என்னை மேனேஜருன்னு கூப்பிடுவாங்க. சம்பளம் என்னவோ கூட்டறவளுக்குத்தான் வருது.

ஃபாரத்துல என்ன கேட்டிருக்கு? குணமானவங்க எத்தனை பேரா? ஐயோ சார்! மனசுல இருக்கிறது சீக்கா முத்தறதுக்குள்ள வந்து பேசட்டும்னுதானே இந்த ரூமு. வராத காய்ச்சலுக்கு எந்த டாக்டரு சர்டிபிகேட் குடுப்பாரு?

சரி, ஒண்ணு சொல்றேன். எழுத வேணாம், சும்மா கேட்டுக்குங்க. போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு, பதினாறு வயசு இருக்கும். போன்ல சார்ஜ் இல்ல, இங்க போட்டுக்கலாமான்னு கேட்டுச்சு. போட்டுக்கோன்னேன். மறுநாளும் வந்துச்சு. மூணு வாரம் சார்! அது என்ன போனா, இல்ல மாவு மிஷினான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருநாள் அது வந்து போனை மாட்டின உடனே, டீ வைக்கிற சாக்குல எட்டிப் பாத்தா, சார்ஜ் தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது. ஆஹா, சங்கதி வேறன்னு புரிஞ்சுது. தோண்டித் துருவல. உள்ள இருக்கிற அம்மாகிட்ட இதைவிட நல்ல பிளக் இருக்கு, போய்ப் பாரேன்னேன். சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு. அப்புறம் எந்திரிச்சு உள்ள போச்சு.

பரீட்சைப் பயம் சார். மாசக்கணக்கா தூக்கமே இல்லியாம். யூனிஃபார்ம் போட்டுக் கிளம்பி, நாள் பூரா பஸ்ஸுலயே சுத்திட்டு இருந்திருக்கு. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல.

இப்பவா? ஜம்முனு இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு இந்த வழியாத்தான் போகுது. கூட்டாளிங்களோட கத்திக்கிட்டே போகுது, என்னைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. கழுதை! அந்தச் சந்தோஷத்தை ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க, சொல்லுங்க?

சேச்சே, யாரும் சொல்லிக் குடுத்துப் பேசல சார். இன்னைக்கு ஒருநாள் வாயை மூடிட்டு இருன்னுதான் ஆலோசகரம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

மணி ஒண்ணாயிடுச்சா? நீங்க இருங்க, வீடு பின்னாடி தெருதான். தம்பிக்குச் சோறு போட்டுட்டு ஓடியாந்துடறேன். நான் தட்டைக் கையில குடுத்தாத்தான் சாப்பிடுவான். இல்ல சார், சின்னப் பையன்லாம் இல்ல, நாப்பத்தாறு ஆகுது. பதினேழு வயசுல பேச்சைக் குறைச்சான், ரூமை விட்டு வெளிய வர்றதைக் குறைச்சான். வயசு அப்படி, தானா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. நானுந்தான் சொன்னேன்.

வர்றேன் சார்.