மொட்டைமாடிச் சங்கு

அக்கா: அந்த இடத்தை மட்டும் எடுத்துடுடா.

தம்பி: எந்த இடத்தை?

அக்கா: அம்மா விளக்குமாத்தைத் தூக்கிட்டு மாடிக்கு ஓடி வந்தாங்கன்னு சொன்னியே, அதை.

தம்பி: அதுதான்க்கா நல்ல இடம். பிள்ளைங்க அங்கதான் சிரிக்கும். போன வருஷம் தலைமையாசிரியரே சிரிச்சாரு.

அக்கா: வருஷா வருஷம் அதே பள்ளிக்கூடம், அதே கதை. விமானம் மட்டும் வருஷத்துக்கு ஒண்ணு கூடுது. சட்டையைக் கழட்டு, காலர் கசங்கியிருக்கு. இஸ்திரிப்பெட்டி சூடாத்தான் இருக்கு.

தம்பி: போர்னா நாலு விமானம் வரத்தான் செய்யும்.

அக்கா: வந்தது ஒண்ணு. அதுவும் வழி தப்பி வந்த மாதிரி வந்துச்சு.

தம்பி: சரி, முதல்லேர்ந்து சொல்றேன், கேளு. "பிள்ளைங்களா, போர் நடந்தப்போ எனக்கு எட்டு வயசு..."

அக்கா: ஏழு.

தம்பி: "...தெருவுல என் பேரு சங்கு. விமானம் வர்றப்போ ஊதுற அபாயச் சங்கு மாதிரியே வாயால ஊதுவேன். எண்ணெய் ஊத்துற தகரப் புனலை வாயில வச்சேன்னா நிஜச் சங்கே தோத்துடும்."

அக்கா: எதுக்கு ஊதினேன்னும் சொல்லேன்.

தம்பி: அது எதுக்கு இப்போ...

அக்கா: ரொட்டிக்கடை வரிசையைக் கலைக்கத்தானே? எல்லாரும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு சலவைக்கடை நிலவறைக்கு ஓடுவாங்க. நீ மாடியிலேர்ந்து இறங்கி வந்து முதல் ஆளா நிப்ப.

தம்பி: தையல்காரர் நிலவறைப் படியில சிக்கிக்குவாரே, ஞாபகம் இருக்கா? முன்னாடி ஒருத்தர் இழுக்க, பின்னாடி நாலு பேர் தள்ள...

அக்கா: எதிர்வீட்டம்மா கோழிக்கூண்டைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. புருஷனை விட்டுட்டு.

தம்பி: கோழி முட்டையாவது போடுமே.

அக்கா: இளிக்காதே. தெருவே உன் மேல கடுப்புல இருந்துச்சு. ரொட்டிக்கடைக்காரர் கையும் களவுமாப் பிடிச்சு ஒரு அறை விட்டாரு. உதடு பூசணிக்கா மாதிரி வீங்கிப்போச்சு. இனிமே இவனை நிலவறைக்குள்ள விடக்கூடாதுன்னு எல்லாரும் சேர்ந்து முடிவே பண்ணிட்டாங்க.

தம்பி: மறுநாளே ஹீரோ ஆயிட்டேனே. கரண்டு போய் ஊர்ச் சங்கு செத்துக் கிடந்துச்சு. நான் ஊதினேன். எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டே உள்ள போனாங்க. குண்டு சரியா வரிசை நின்ன இடத்துல விழுந்துச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.

அக்கா: ம்.

தம்பி: அதுக்கப்புறம் போர் முடிஞ்சும் முடிவெட்டுறவர் எனக்குச் சும்மாவே வெட்டிவிட்டாரு.

அக்கா: அதான் உன் தலை சட்டியைக் கவுத்த மாதிரியே இருந்துச்சு.

தம்பி: குண்டு விழுந்த பள்ளத்துல மழைத்தண்ணி நின்னுச்சே... நான் குதிச்ச பிறகுதான் மத்த பசங்க குதிக்கணும். அடிச்ச கையாலேயே ரொட்டிக்கடைக்காரர் துண்டைப் பிடிச்சுக்கிட்டு கரையில நிப்பாரு.

அக்கா: இரு, நிறுத்து.

தம்பி: என்னக்கா? சட்டை தீஞ்சுடுச்சா?

அக்கா: அம்மா விளக்குமாத்தோட வரலடா.

தம்பி: ஒரு சுவைக்குச் சொல்றதுதானே.

அக்கா: அம்மாவை வச்சு அந்தச் சுவை வேண்டாம். அன்னைக்குக் காலையில உனக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. நீ கட்டிலை விட்டே எழுந்திருக்கல.

தம்பி: காய்ச்சலோட மாடி ஏறினேன், எனக்குத்தான் ஞாபகம் இல்லைன்னு அம்மாவே சொன்னாளே.

அக்கா: சொன்னா. நீயும் நம்பிட்ட. அந்த உதட்டை வச்சுக்கிட்டு உன்னால தண்ணியே குடிக்க முடியல. சங்கு எங்க ஊதுறது?

தம்பி: ...அப்போ?

அக்கா: நான் வரிசையில நின்னேன். சங்கு கேட்டு எல்லாரும் ஓடினாங்க. உன் வேலைதான்னு நினைச்சு நான் மட்டும் நகரல. அம்மா மாடியிலேர்ந்து தலைதெறிக்க ஓடி வந்து, என் சடையைப் பிடிச்சு இழுத்து நிலவறைக்குள்ள தள்ளினா. அவ இடுப்புல உன் புனல் செருகியிருந்துச்சு.

தம்பி: என் புனலா?

அக்கா: உன்னைத் தூக்கிட்டு வரத் திரும்பினா. அதுக்குள்ள குண்டு விழுந்துடுச்சு. நல்லவேளை நம்ம வீடு பின்பக்கம், ஜன்னலோட போச்சு. யார் ஊதினதுன்னு எல்லாரும் கேட்டப்போ, "என் பையன்"னா. அதுக்கப்புறம் உன்னை எவன் வெளியே நிறுத்துவான்?

தம்பி: எங்கிட்ட ஏன் சொல்லல நீ?

அக்கா: "அவன் நம்பினாத்தான் தெரு நம்பும்"னு அம்மா என் வாயை மூடிட்டா. துணி காயப்போடப் போனவ விமானத்தைப் பார்த்திருக்காடா. பார்த்ததும் பயப்படாம ஊதியிருக்கா. தெருவைக் காப்பாத்தினது அவ. நீ அவளைப் போய் விளக்குமாறும் கையுமா நிக்க வைக்கிற. இன்னைக்காவது பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லு.

தம்பி: உண்மையையா...

அக்கா: ஏன், உன் பேரு போயிடுமா?

தம்பி: என் பேரு இல்லக்கா... ஊதினது அவதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும், தெரியாத மாதிரி இருந்துட்டேன். அவ எந்த விமானத்தையும் பார்க்கல. கட்டில்லேர்ந்து கேட்டேன், அவ ஊதின பிறகுதான் விமானச் சத்தமே வந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் "எனக்கும் சொல்லிக்குடுடா"ன்னு வந்து உக்காந்தா, வீங்கின வாயோட நான்தான் சொல்லிக்குடுத்தேன். நம்ம முறை வர்றதுக்குள்ள ரொட்டி தினம் தீர்ந்துடுது, பசியில நீ தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழறன்னு சொன்னா. "அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அந்த ரொட்டியை அவ தொடமாட்டா"ன்னா.