எந்தக் குப்பம்?

பரவால்ல தம்பி, ரெண்டையும் கழட்ட வேணாம். ஒரு காதுல அந்தப் பாட்டு ஒயரு இருக்கட்டும், இன்னொரு காத மட்டும் எனக்குக் குடு. சிதம்பரம் போற வரைக்கும் தான். அதுக்கு மேல உன் காது உனக்கு.

நீயும் சிதம்பரம் தானே? தலைய ஆட்டுனா இன்னா அர்த்தம், ஆமாவா, இல்லையா? சரி, ஆமான்னு வெச்சிக்கிறேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றது இப்பல்லாம் அவ்ளோ கஷ்டமாப் பூடுச்சு. கண்டக்டர் கூட மிஷின நீட்டுறாரே தவிர எங்கம்மா போவணும்னு கேக்கறதில்ல. நாங்க ரெண்டு பேரும் ஊமையாட்டம் கைய காட்டிக்கிறோம்.

கொஞ்சம் திரும்பிப் பாரேன். அந்தப் பச்ச சட்டக்காரரு, கழுத்து ஒடிஞ்ச கோழி மாதிரி தல தொங்கிக் கெடக்குது. முன் சீட்டுல ஒரு பொண்ணு தனியா சிரிச்சிக்கினு வருது. எங்க காலத்துல தனியா சிரிச்சா வேப்பெல அடிக்க இட்டுக்கினு போவாங்க. அந்தப் பக்கம் பாரு, புருஷன் ஒரு போனு, பொண்டாட்டி ஒரு போனு, மடியில இருக்கற கொழந்தைக்கு இன்னொரு போனு. மூணு பேரும் மூணு ஊருக்குப் போறா மாதிரி ஒக்காந்துக்கினு இருக்காங்க.

முன்ன மட்டும் ரொம்ப ஒழுங்கா இருந்துச்சான்னு கேக்கறியா? அப்பிடிலாம் நான் சொல்ல மாட்டேன். மீன் கூடையத் தூக்கிக்கினு ஏறுனாலே மூக்கப் பொத்திக்கினு எந்திரிச்சிப் போவாங்க. அசிங்கமாத் திட்டுவாங்க. நானும் வுட மாட்டேன், பதிலுக்கு நல்லாக் குடுப்பேன். ஆனா திட்டுறதுக்காவது மனுசன் மனுசன் மூஞ்சியப் பாக்கணும் இல்ல? இப்ப அதுவும் கெடையாது.

எனக்கு ஊரு தாழங்குடா. பேரு குப்பு. நீ கேக்கல தான், நானா சொல்றேன். பேரு முக்கியம், அதான் சொல்றேன். எங்க வூட்டுக்காரரு பேரு சடையப்பன். பொண்ணு ஒருத்தி, வித்யா, சிதம்பரத்துல கட்டிக் குடுத்திருக்கோம். ஆமா, அவளப் பாக்கத் தான்னு வெச்சிக்கோயேன்.

போன சித்திரையில அவரும் அவளப் பாக்கத் தான் கெளம்புனாரு. இதே பஸ்ஸு, காலையில இதே நேரம். பொண்ணு முழுகாம இருந்தா. வாய்க்கு ஒண்ணும் புடிக்கல, நெத்திலிக் கருவாடு வேணும்னு கேட்டா. கேட்டதும் மனுசன் ஒக்காரல. வெள்ள சட்டயப் போட்டுக்கினு, கருவாட்ட ஒரு பையில கட்டிக்கினு கெளம்பிட்டாரு. அவரு போனு கடல்ல நனஞ்சு செத்துக் கெடந்துச்சு, அதனால போனு இல்லாமத் தான் வந்தாரு.

குடிக்கிற ஆளான்னு கேட்டா, குடிப்பாரு. இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுவிடும். ஆனா அன்னிக்கு என் கையால காப்பி போட்டுக் குடிச்சிட்டுத் தான் வந்தாரு. வேற ஒரு சொட்டு கெடையாது. வழியில தான் அவருக்கு ஒடம்பு இழுத்துக்கிச்சு. மூளையில ரத்தம் அடச்சிக்கிச்சாம், பொறவு டாக்டரு சொன்னாரு. வாய் கோணிக்கிச்சு, கை தொங்கிப் போச்சு. கம்பியப் புடிக்க முடியாம ஒரு பொம்பள மேல சாஞ்சிட்டாரு. அவ கத்துனா. கிட்ட வந்தா கருவாட்டு நாத்தம், பேசுனா கொளறல். ஜனங்க இன்னா நெனைக்கும்? காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்டான்னு நெனச்சிக்கிச்சு.

நான் எங்க பாத்தேன், பஸ்ஸுல நான் இல்லயே. எல்லாம் வீடியோவுல பாத்தது. ஆமா தம்பி, வீடியோ எடுத்துட்டாங்க. நீ பாத்திருப்ப. ஊரே பாத்துச்சு. ஒரு காமெடிப் பாட்டப் போட்டு, அவரு தல ஆடுறது அந்தத் தாளத்துக்கு ஆடுறா மாதிரி ஒட்டி வுட்டிருந்தாங்க. நல்லா ஒட்டியிருந்தாங்க, அதையும் சொல்லணும். அவரு யாருன்னு தெரியாதவங்களுக்கு சிரிப்பு வரும்.

அதுல அவரு குப்பு, குப்புன்றாரு. அவ்ளோ தான் கேக்குது. அப்புறம் போ-ன்னு ஏதோ ஒண்ணு. அதுக்கு மேல பாட்டு மூடிடுது. பஸ்ஸுல இருந்தவங்க, குப்பத்துக்குப் போவணும்னு சொல்றான் போலன்னு நெனச்சிக்கிட்டாங்க. தப்பு சொல்ல முடியாது. இந்த ரூட்ல வழி நெடுக குப்பம் தானே, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், பூண்டியாங்குப்பம். எந்தக் குப்பம்னு கேக்கறாங்க, அவரு மறுபடி குப்புன்றாரு. ஒடனே பஸ்ஸு முழுக்க சிரிப்பு. எந்தக் குப்பம், எந்தக் குப்பம்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. அந்த நேரத்துக்கு செம்மங்குப்பம் வந்துச்சு. எறக்கி வுட்டுட்டாங்க.

கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். நெழல் பாத்துத் தான் ஒக்கார வெச்சிருக்காங்க. கருவாட்டுப் பையக் கூட மறக்காம பக்கத்துல வெச்சிட்டுப் போயிருக்காங்க. ரோட்டுல போனவங்களும் குடிகாரன் தூங்குறான்னு போயிட்டாங்க. கம்பெனி ஷிப்ட் முடிஞ்சு வந்த ஆளுங்க தான் வாயில நொரையப் பாத்துட்டு ஆட்டோவுல ஏத்தியிருக்காங்க. கொஞ்சம் முன்ன கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டரு சொன்னாரு. அத அவரு சொல்லாம இருந்திருக்கலாம். இப்ப அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?

வித்யா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல அப்பாவுக்காகக் காத்துக்கினு நின்னா. வயித்துப் புள்ளக்காரி, வெயில்ல. நேரம் போவணுமேன்னு போனப் பாத்துக்கினு இருந்திருக்கா. அவ ஊரு குரூப்புல அந்த வீடியோ வந்து வுழுந்துச்சு. மொதல்ல சிரிச்சிட்டேம்மான்னா எங்கிட்ட. அப்பான்னு தெரியறதுக்குள்ள சிரிச்சிட்டேம்மான்னு சொல்லிச் சொல்லி அழுதா. இன்னிய வரைக்கும் அவ சிரிச்சு நான் பாக்கல. பேரப்புள்ளயக் கொஞ்சறப்பக் கூட வாய மூடிக்கிறா.

போனு அடிக்குது பாரு. எடு, எடு. என் கத எங்க ஓடிடப் போவுது, நீ பேசு.

பேசிட்டியா? யாரு, பிரெண்டா? ம். நம்ம பக்கத்துப் பசங்க எல்லாரும் அப்பிடித்தான், பிரெண்டையும் மாமா மச்சான்னு தான் கூப்புடுவீங்க. இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி வேணாம். மூச்சு கொஞ்சம் வாங்குது, சரியாப் பூடும். இன்னா சொல்லிக்கினு இருந்தேன்?

ஆங், அந்தக் குப்பு. அது குப்பம் இல்ல தம்பி. எனக்குத் தெரியும். தாழங்குடாக்காரரு, சிதம்பரத்துக்கு டிக்கெட் வாங்குனவரு, எதுக்கு நடுவுல குப்பத்துக்குப் போவணும்ன்றாரு? அது என் பேரு. வூட்டுல ஒரு நாளும் பேரச் சொல்லிக் கூப்புட்டதில்ல. இந்தா, ஏ புள்ளன்னு தான் கூப்புடுவாரு. மத்தவங்க கிட்ட சொல்றப்ப தான் குப்புன்னு சொல்லுவாரு. அந்தப் பஸ்ஸுல எத்தினி பேரு இருந்தாங்களோ, அத்தினி பேருக்கும் அது ஒரு ஊராத் தெரிஞ்சிருக்குது. ஒரு பொம்பள பேருன்னு ஒருத்தருக்கும் தோணல.

சரி, பேரு என் பேரு. அதுக்கு அடுத்த வார்த்த இன்னா? போ-ன்னு ஆரம்பிக்குது. அது தான் என்னத் தூங்க வுட மாட்டேங்குது. குப்பு, போறேன்னு சொன்னாரா? எங்க ஆளுங்க கடலுக்குப் போறப்ப கூட போறேன்னு சொல்ல மாட்டாங்க. வரேன்னு தான் சொல்லணும். தெரியாத்தனமா ஒருத்தன் போறேன்னுட்டா, அவன இட்டாந்து ஒக்கார வெச்சு, தண்ணி குடுத்து, மறுபடி சொல்ல வெச்சு தான் அனுப்புவோம். அப்பிடிப்பட்ட மனுசன் அந்த வார்த்தயச் சொல்லிட்டுப் போயிருந்தாருன்னா, அவருக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அர்த்தம். எங்கிட்ட சொல்லிக்கினு தான் போயிருக்காருன்னு அர்த்தம். பாதி நாளு அத நெனச்சு மனச தேத்திக்குவேன். மீதி நாளு, இல்ல, வேற ஏதோ சொல்லியிருக்காருன்னு தோணும்.

எங்க தெருவுல பூவரசன்னு ஒரு புள்ள, செல்லு ரிப்பேர் பாக்குது. இந்தப் பாட்ட மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துடுடான்னு கேட்டேன். முடியாது அத்த, பாட்டு போடறதுக்கு முன்ன எடுத்தது எடுத்தவன் போன்ல தான் இருக்கும்னுச்சு. எடுத்தவன் யாருன்னு எவனுக்கும் தெரியல. ஆயிரம் கை மாறி வந்த வீடியோ. மூஞ்சி இல்ல, பேரு இல்ல. கொரலு மட்டும் தான் இருக்குது. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்ன, கேமராவுக்குப் பின்னாலேர்ந்து ஒரு கொரலு.

அதுக்காகத் தான் தம்பி இந்தப் பஸ்ஸு. வித்யாவுக்கு நான் வர்றது கூடத் தெரியாது. சிதம்பரத்துல எறங்கி, டீ ஒண்ணு குடிச்சிட்டு, திரும்பி ஏறிடுவேன். பக்கத்துல எவன் ஒக்காந்தாலும் பேச்சுக் குடுப்பேன். கெழவிக்கு வாய் ஜாஸ்தின்னு நெனச்சிக்குவாங்க, நெனச்சிக்கட்டும். பதிலுக்கு நாலு வார்த்த பேசுனா கொரலு கேக்கலாம் இல்ல? ஆனா எவன் பேசறான்? ஒயர மாட்டிக்கினு தலைய ஆட்டுறான். நீயும் கடலூர்லேர்ந்து புதுச்சத்திரம் வரைக்கும் தலைய மட்டும் தானே ஆட்டிக்கினு வந்த.

இப்பத் தான் போன எடுத்து, சொல்லு மாமான்ன.

அதே சொல்லு மாமா. சொல்லு மாமா, எந்தக் குப்பம் மாமா. எத்தினியோ வாட்டி கேட்டிருக்கேன் தம்பி, என் புள்ள கொரலு கூட எனக்கு இவ்ளோ நல்லாத் தெரியாது.

ஒக்காரு. எங்க எந்திரிக்கிற, ஓடுற பஸ்ஸுல? நான் கைய கிய வெக்க மாட்டேன். கத்தி ஊரக் கூட்ட மாட்டேன். போலீசு கிலீசு ஒண்ணும் கெடையாது, என் பேரப்புள்ள மேல சத்தியம். ஏ, இன்னா பண்ற? அழிக்காத! ஐயோ அழிக்காத சாமி, ஒன் கால்ல வேணாலும் வுழறேன், அத அழிச்சிடாத. ஒலகத்துல அவரு கடைசியாப் பேசுனது அது ஒண்ணுல தான் இருக்குது.

இருக்குது இல்ல? இருக்குதுன்னு சொல்லு. ஆங். நல்லா இரு. பாட்டு போடறதுக்கு முன்ன எடுத்தது, அது தான் வேணும். சத்தத்த நல்லாக் கூட்டு. யாரு திரும்பிப் பாத்தா இன்னா, பாக்கட்டும். அவங்கள்ல எத்தினி பேரு அன்னிக்கும் இருந்தாங்களோ.

போடு.

அவரு வெள்ள சட்ட எப்பிடி கசங்கிப் போச்சு பாரு.

குப்பு. கேட்டுச்சா, நல்லா சுத்தமா என் பேரு. குப்பம்னு எங்க சொன்னாரு? இரு, சிரிக்கறானுங்க, ஒண்ணும் கேக்கல. பின்னாடி தள்ளு. மறுபடி வை. குப்புக்கு. குப்புன்னு இல்ல தம்பி, குப்புக்குன்றாரு. அடுத்தது இன்னா? போ. இன்னொரு வாட்டி. நீ அழுவாத, உன் சத்தத்துல எனக்குக் கேக்கல.

குப்புக்குப் போனு.

குப்புக்குப் போனு போடு.

அவ்ளோ தானா? அதையே தான் திருப்பித் திருப்பிச் சொல்றாரு. எங்கிட்ட சொல்லிக்கினு போவல, ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு போனு போடச் சொல்லியிருக்காரு. எல்லாரும் கையில போன வெச்சிக்கினு நிக்கறீங்களேன்னு உங்களப் பாத்துக் கேட்டிருக்காரு.

நான் வூட்ல தான் இருந்தேன். என் நம்பரு அவருக்கு மனப்பாடம் தம்பி. ஒருத்தராவது கேட்டிருந்தா, கொளறிக் கொளறியாவது சொல்லியிருப்பாரு.