இரண்டு மில்லிமீட்டர்

நாற்காலியின் உயரம் சரியில்லையென்றால் மனிதர்கள் நாற்காலியைக் குறை சொல்வார்கள். சைக்கிள் சீட்டின் உயரம் சரியில்லையென்றால் தங்கள் முழங்காலைக் குறை சொல்வார்கள். நாற்காலியில் நாம் சும்மா இருக்கிறோம், சைக்கிளில் உழைக்கிறோம். உழைக்கும்போது வலித்தால், அது வயதின் கோளாறு என்று தாமாகவே முடிவு செய்துகொள்வது பலருடைய வழக்கம்.

நீங்கள் இயன்முறை மருத்துவர். இது உங்களுக்குத் தெரியாததன்று. கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். என் தங்கை வெளியே பெஞ்சில் இருக்கிறாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாரே, அவர் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பேசிக்கொண்டேதான் இருப்பார். அப்படித்தான் எங்களுக்குள் ஏற்பாடு. அந்த மூலையில் நிற்கும் உங்கள் எடை இயந்திரம் முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எடை அளவுத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தேன். கடைத்தெருவில் எனக்குத் தராசக்கா என்று பெயர். நான் தெருமுனையில் திரும்பினால் போதும், படிக்கற்களெல்லாம் தாமாகவே துடைத்துக்கொள்ளும் என்று கேலி பேசுவார்கள். அந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். கிலோவுக்கு நூறு கிராம் குறைப்பவன் ஒரே வாரத்தில் மாட்டிக்கொள்வான். பதினைந்து கிராம் குறைப்பவன் பேரன் பேத்தி எடுக்கும்வரை நல்ல பெயரோடு கடை நடத்துவான். மனிதர்கள் ஏமாறுவதில்லை, பழகிக்கொள்கிறார்கள்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. எனக்கு அவளைவிட எட்டு கூடுதல். அம்மா போனதிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் நூலகத்தில் வேலை பார்த்தவள். பத்தாயிரம் புத்தகங்களை அதனதன் இடத்தில் வைத்தவளுக்கு ஒரு டப்பாவின் மூடியை அதன் வாயில் வைக்கத் தெரியாது. சர்க்கரை டப்பா, பற்பசை, பேனா, எண்ணெய்ப் புட்டி என்று எல்லாம் திறந்தே கிடக்கும். காலையில் எழுந்து வீடு முழுவதும் நடந்து மூடுவதுதான் என் முதல் வேலை. முப்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். ஒரு நாள்கூட அலுத்துக்கொண்டதில்லை என்று சொல்ல மாட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அக்கா, நான் ஒருத்தரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

சர்க்கரை டப்பாவை மூடினாயா என்று கேட்டேன். மூடவில்லை.

அந்த ஒருவர், நூலகத்திற்கு வாரந்தோறும் புத்தகம் மாற்ற வந்தவர். மலைமேல் இருக்கும் வானிலை நிலையத்தின் பொறுப்பாளர். எவ்வளவு மழை பெய்தது என்று அளந்து எழுதுவது அவர் வேலை. நாங்கள் அவரை மழைக்காரர் என்போம். மழையை அளப்பவருடைய வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதை நான் ஒருமுறை அவரிடமே சுட்டிக்காட்டினேன். "அதையும் அளந்துதான் வச்சிருக்கேன் அக்கா" என்றார். தலை என்னுடையதைவிட வெளுத்திருந்தாலும் என்னை அக்கா என்றே அழைப்பார். குறை சொல்ல முடியாத மனிதர். அதுவே ஒரு குறைதான்.

அவருடைய வீட்டிற்குக் கார் போகாது. தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் காட்டு மண்பாதை. நடக்கலாம், அல்லது மலைச் சைக்கிளில் போகலாம். என் தங்கை நடப்பதில் சோம்பேறி. ஆகவே அவர் அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஞாயிறுதோறும் மேலே போய்ப் பழகுவது, பழகியபின் பதிவுத் திருமணம், பிறகு அங்கேயே குடித்தனம் என்பது அவர்களுடைய திட்டம். எல்லாம் அந்தச் சைக்கிளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

சைக்கிள் வந்த அன்று எங்கள் முற்றத்தில் வைத்து அவர் அதை அவளுக்குப் பொருத்தினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. அவளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காரச் சொன்னார். பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் அதைத் தொட வேண்டும், கால் நீண்டிருக்க வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்க வேண்டும். சீட்டை மட்டப்பலகை வைத்துச் சமன் பார்த்தார். ஹேண்டில்பாரைப் பிடித்தால் முழங்கை விறைக்கக் கூடாது, பிரேக் பிடிகள் முன்கையின் நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திருகிச் சரிசெய்தார்.

"கட்டிக்கப் போறவரு மோதிர விரலை அளப்பாருன்னு பாத்தா, முழங்காலை அளக்கிறாரு பாருக்கா" என்றாள் அவள். சிரித்தாள். நானும் சிரித்தேன், பல் தெரிந்திருக்கும்.

செங்குத்தான இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்திக்கொண்டுதான் இறங்க வேண்டுமாம். மீண்டும் ஏறும்போது உயர்த்திக்கொள்ள வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்று அவளுக்கு மறந்துவிடும் என்பதால், சீட் தாங்கும் கம்பி சட்டத்திற்குள் நுழையும் இடத்தில் ஒரு சிவப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினார். டேப்பின் கீழ் விளிம்பு சட்டத்தின் வாயைத் தொடுமாறு சீட்டை வைத்தால் அது அவளுடைய அளவு. தூறலில் கை ஈரமாக இருந்ததால் அவர் டேப்பைக் கோணலாக ஒட்டிவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் விடியற்காலையில் கிளம்பிப் போனாள். நான் வழக்கம்போல் வீட்டைச் சுற்றி வந்தேன். போகிற அவசரத்திலும் அன்று எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போயிருந்தாள். மூடுவதற்கு ஒரு மூடியும் இல்லை. பத்து மணிக்குச் சர்க்கரை டப்பாவை நானே திறந்து, நானே மூடினேன். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் கவலையெல்லாம் அவளைப் பற்றியது. ஒழுகும் கூரை, காட்டுப்பாதை, ஆத்திர அவசரத்திற்கு மருத்துவர் இல்லை. சொன்னால் கேட்கிறவள் அல்லள். எனவே அடுத்த சனிக்கிழமை அவள் குளிக்கப் போனபோது, அந்த டேப்பை உரித்து இரண்டு மில்லிமீட்டர் மேலே ஒட்டினேன். கோணலாக இருந்ததை நேராகவே ஒட்டினேன். ஒரு காரியத்தைச் செய்தால் திருந்தச் செய்ய வேண்டும்.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும்: சீட்டை நான் தொடவில்லை. டேப் மேலே போனால், கம்பி இரண்டு மில்லிமீட்டர் அதிகமாக உள்ளே இறங்கும். இறக்கியவள் அவளேதான், ஒவ்வொரு ஞாயிறும், தன் கையாலேயே.

பதினைந்து சனிக்கிழமைகள். முப்பது மில்லிமீட்டர். ஒன்பதாவது வாரத்தில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். பன்னிரண்டாவது வாரத்தில் முழங்காலின் முன்பக்கம் வீங்கியது. திருமணப் பதிவைத் தள்ளிவைத்தார்கள். மழைக்காரர் வந்து சைக்கிளைப் பார்த்தார். டேப் சட்டத்தின் வாயில் சரியாக இருந்தது. அவர் அளவுகோலை நம்பி வாழ்பவர். அளவுகோலே நகரும் என்பது அவருடைய தொழிலில் இல்லை. என்னுடைய தொழிலில் தினமும் உண்டு. பாதையில் அவர் முன்னால் போவார். திரும்பிப் பார்த்தால் அவளுடைய முகத்தைப் பார்ப்பார், முழங்காலைப் பார்க்க மாட்டார். அன்பு கண்ணை மறைக்கும் என்பார்கள். முழங்காலையும் மறைக்கும் போலிருக்கிறது.

நான்கு வாரம் ஓய்வெடுத்தாள். வலி குறைந்தது. மீண்டும் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினாள். "மலை அங்கேயேதான் இருக்கு, நானும் இங்கேயேதான் இருக்கேன். ரெண்டு பேருல ஒருத்தராவது நகரணும்லக்கா" என்றாள்.

அப்போதுதான் ஹேண்டில்பாருக்குப் போனேன். பிரேக் பிடிகளைச் சற்றே மேல்நோக்கித் திருப்பினேன். சீட்டின் மூக்கை ஓர் இழை தாழ்த்தினேன். அப்படிச் செய்தால் உட்காருபவர் முன்னால் வழுக்குவார்; உடம்பின் பாரம் உள்ளங்கைக்குப் போகும். மணிக்கட்டு மடங்கியே இருக்கும். ஐந்து வாரத்தில் அவளுடைய விரல்கள் மரத்துப்போயின. இரண்டு கோப்பைகளைக் கீழே போட்டாள். ஆறு கோப்பை கொண்ட அழகான தொகுதி அது. இப்போது நான்குதான் இருக்கிறது. அதற்காக உண்மையாகவே வருந்தினேன்.

சென்ற மாதம் அவளுடைய முழங்காலுக்குள் ஊசி போட்டார்கள். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி வெளியே வரும்வரை பதினொன்று எண்ணினேன். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள். இப்படி ஒரு வாக்கியத்தை அவள் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் கல்நெஞ்சக்காரி என்று உங்கள் முகம் சொல்கிறது. பேனாவை மூடிவையுங்கள், மை காய்ந்துவிடும். அவளுக்காக நான் சிலவற்றைச் சரிசெய்வது இது முதல் தடவை அன்று. இருபத்தொன்பது வயதில் அவளுக்கு வேறோர் ஊரில் பெரிய நிறுவனத்தில் வேலைக்கு நேர்காணல் வந்தது. அன்றைக்கு அவளுடைய கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. ரயில் போய்விட்டது. என்ன நஷ்டம்? அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்களே. பதினெட்டு ஆண்டுகள் கழித்து மூடினார்கள் என்றாலும், மூடியது மூடியதுதான்.

இன்று காலை நடந்தது உங்களுக்குத் தெரியும். சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னீர்கள். மழைக்காரர் தள்ளிக்கொண்டு வந்தார். நீங்கள் அவளுடைய காலை அளந்தீர்கள், சீட்டை அளந்தீர்கள், முப்பது மில்லிமீட்டர் தாழ்வு என்றீர்கள். டேப்பின்படி சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் வாதாடினார். பிறகு குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

பிடிபட்டது எதனால் என்று பார்த்தீர்களா? அளவால் அன்று, ஒழுங்கால். முப்பத்தொரு ஆண்டுகளில் நான் பிடித்த வியாபாரிகள் எல்லாரும் அசட்டையால் மாட்டிக்கொண்டவர்கள். திருத்தத்தால் மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் தங்கை அப்போது உங்கள் உதவியாளரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அருகில் வந்து, அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"நான் ஒட்டின டேப் கோணலா இருந்துச்சு அக்கா. இவ்வளவு நேரா ஒட்ட எனக்கு வராது, அவளுக்கும் வராது."

நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாத அளவுக்கு அது நேராக இருந்தது.

"உள்ள போய் டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. காலுக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும். அவகிட்ட எப்ப சொல்றது, யார் சொல்றதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். நான் கல்யாணத்துக்கு அவசரப்படல. மழைக்கே காத்திருக்கிறவன், முழங்காலுக்குக் காத்திருக்க மாட்டேனா" என்றார்.

கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இப்படிப்பட்டவர்களிடம் என்ன பேசுவது?

ஆகவே சொல்லிவிட்டேன். டேப்பை நகர்த்தியவள் நான். பிரேக் பிடியைத் திருப்பியவள் நான். சீட்டின் மூக்கைத் தாழ்த்தியவள் நான். எதையும் மறைக்கவில்லை. எந்த வாரம் எவ்வளவு என்று ஒரு தாளில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். இதோ, உங்களுக்குச் சிகிச்சைக்குப் பயன்படும். சீட்டை முப்பது மில்லிமீட்டர் உயர்த்துங்கள். ஒரேயடியாக வேண்டாம், கால் பழகட்டும். ஹேண்டில்பாரையும் அவருடைய கணக்குப்படியே வைத்துவிடுங்கள். அந்தச் சைக்கிளை இனி நான் தொட மாட்டேன். என் வாக்கு தராசு முள் மாதிரி, இப்படி அப்படி அசையாது. அவள் மலைக்குப் போகட்டும், நன்றாக இருக்கட்டும். அவளைத் தடுத்து வைக்க வேண்டும் என்று நான் என்றைக்குமே நினைத்ததில்லை.

நேற்று முன்தினம் அவளுக்கு ஒரு கைத்தடி கொடுத்தீர்களே, அதை மட்டும் நீங்கள் அளக்க வேண்டியதில்லை. அதன் உயரத்தை ஐந்தாம் துளையில் மாட்டியிருந்தீர்கள். இன்று காலை அவள் குளிக்கும்போது நானே சரிசெய்துவிட்டேன்.