வெயிலில் நின்ற மிஸ்ஸி

வசம்பு வாசம் அடித்தது. என் மகள் பிறந்த முதல் வாரம் அப்படியே நினைவில் எழுந்து வந்தது. படகுத்துறையிலிருந்து அரசாங்க மருத்துவமனைப் பக்கம் போகும் பேருந்து. முன் இருக்கை இளைஞனின் மடியில் இருந்த குழந்தைத் துணிப் பையிலிருந்துதான் அந்த வாசம். பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அந்த மிஸ்ஸிய வெயில்லயே நிக்க வச்சிட்டேன்கா.”

“வீட்டுக்கு வந்து பிள்ளைய பாக்குற கிளினிக் நர்ஸையா? ஏன் தம்பி?”

“பிள்ளை பொறந்து முப்பது நாளைக்கு வெளியாளு உள்ள வரக்கூடாது, எங்க வீட்டு வழக்கம். வாசல் கேட்டைத் திறக்கல.”

“கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டாங்களா?”

“மறுநாளு அதே மோட்டார் சைக்கிள்ல வந்து நின்னாங்க. ‘நான் உள்ள வரல, பிள்ளைய வெளிச்சத்துக்குக் கொண்டாங்க’ன்னாங்க. கம்பி வழியா கைய விட்டு நெஞ்சுல லேசா அழுத்திப் பாத்தாங்க. மஞ்சக்காமாலைன்னு அங்கேயே நின்னு வார்டுக்குப் போன் போட்டுட்டாங்க.”

“உனக்குத் தெரியலியா?”

“நல்ல நிறம்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் படம் அனுப்பிக்கிட்டு இருந்தேன்கா.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “இப்ப எப்படி?”

“மூணு நாளா நீல விளக்குக்குக் கீழ படுத்திருக்கான். இன்னிக்கு ரத்தம் பாத்துட்டுத்தான் சொல்வாங்க.”

போன் அடித்தது. மனைவிதான்.

“பிள்ளைய வீட்டுக்கு அனுப்புறாங்களா? இன்னிக்கேவா?”

போனை மடியில் வைத்துவிட்டு, புறங்கையால் முகத்தைத் துடைத்தான்.

“நாளைக்கு மறுபடியும் வீட்டுக்கு வருவாங்களாம்கா, அந்த மிஸ்ஸி.”

“வரட்டும். அழுதது போதும் லா, பெல்ல அழுத்து. ஹாஸ்பிட்டல் தாண்டிடும்.”