ஆராய்ச்சிக்கு மட்டும்

எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின்மேல் நல்ல அபிப்பிராயம். "குழந்தை இருக்கற வீடு மாதிரியே தெரியலீங்க, அவ்வளவு அமைதி" என்று கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை பாராட்டினார். என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒன்பது வயது. குட்டி என்று கூப்பிடுவோம். அவள் அதை எங்கள் உதட்டில்தான் படித்திருக்கிறாள். அவளும் என் மனைவியும் கையாலேயே பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சாப்பிடும்போது என்னைக் கிண்டலடித்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குப் பாதிதான் புரியும். அதற்காகத்தான் செய்தேன் என்று உங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா.

பதினாறு வருடமாக ஆய்வகத்தில் உதவியாளன் நான். கருவில் குழந்தை வளரும்போது, இங்கே கண் வரட்டும், இங்கே காது வரட்டும் என்று செல்களுக்குக் கட்டளை கொடுக்கும் புரதங்கள் உண்டு. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து அப்படி ஒன்றைத் தயாரித்து விற்கிறார்கள். கட்டைவிரல் உயரக் குப்பியில் வரும். வெளிச்சத்தில் பிடித்தால்தான் அடியில் மூச்சுக்காற்று படிந்தது போல வெள்ளையாகத் தெரியும். அதைக் கரைத்து, தட்டிலிருக்கும் செல்களுக்குக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்களின் தலையில் பூனைமுடி போல முளைத்திருந்தது. உட்காதில் ஒலியை வாங்கும் முடி அதுதான். குட்டிக்கு இல்லாதது.

ஆய்வகத் தலைவியிடம் கேட்டேன். "மேடம், இதைக் குழந்தைங்களுக்குக் கொடுக்கலாமா?"

"தட்டுல வளர்றதெல்லாம் தலைக்குள்ள வளராதுப்பா. அதுக்கு இன்னும் இருபது வருஷம் ஆகும்."

இருபது வருடத்தில் குட்டிக்கு இருபத்தொன்பது. மேடம் அதை யோசிக்கத் தேவையில்லை. அவருடைய பிள்ளைகள் இருவரும் பியானோ வாசிக்கிறார்கள்.

'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.' இதைப் படிக்கவில்லையா என்று காலையில் கேட்டீர்கள். படித்தேன். ஆயிரம் குப்பிகளில் படித்திருக்கிறேன். ஆனால் உள்ளே இருப்பது மனிதப் புரதம். தாய் வயிற்றில் உங்களுக்கும் எனக்கும் யாரையும் கேட்காமல் கிடைத்தது. மனிதனுடையதை மனிதனுக்குக் கொடுக்காதே என்று எழுதியவன் வழக்குக்குப் பயந்தவன். நான் பயப்படவில்லை. இப்போதும் இல்லை.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை காலைகளில் வீட்டில் இருக்க மாட்டாள். அப்படி ஆறு சனிக்கிழமைகள். மேசையில் வெள்ளைத்துணி விரித்து, ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த குப்பியை எடுத்து, விளக்கைச் சாய்த்து வைத்துக்கொள்வேன். செவிப்பறையைத் தாண்டி ஊசி போக வேண்டும். எலிகளுக்குச் செய்து கை பழகியிருந்தது. எலிகளுக்கு மயக்க மருந்து கொடுப்போம். குட்டிக்குக் கொடுக்கவில்லை. சரியாகத் தெரியாமல் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

மூன்றாவது வாரம் அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, நீங்க காதுக்குள்ள ஊசி குத்தறீங்கன்னு சொல்றா?"

"ஊசியாவது ஒண்ணாவது. அழுக்குக்குச் சொட்டு மருந்து விடறேன். அதுக்குப் போய்க் கதை கட்டறா பாரு."

அப்பாவைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று மனைவி அவளைக் கையால் கண்டித்தாள். அது மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதன்பிறகு குட்டி அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசவில்லை.

ஐந்தாவது வாரம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். திரும்பிப் பார்த்தாள். என் மகள் கேட்டாள், ஐயா. சுவரில் நிழல் ஆடியிருக்கும் என்கிறாள் மனைவி. அவள் அப்போது அங்கே இல்லை.

ஆறாவது ஊசிக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்துக்கொண்டது. மூளையைச் சுற்றிச் சீழ் என்றார்கள். மருத்துவர் காதுக்குள் விளக்கடித்து, செவிப்பறையில் துளைகளைக் காட்டினார். மனைவி கத்தவில்லை. "குழந்தை சொன்னாளே... பொய் சொல்லாதேன்னு நான் அவளைத் திட்டினேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குட்டி பிழைத்துவிட்டாள். முகத்தின் இடப்பக்கம் அசையாது. சுவரைப் பிடிக்காமல் நிற்க வராது. அந்தக் குப்பியில் இருந்தது உடம்புக்குள் போகிற அளவுக்குச் சுத்தமானதல்ல என்கிறார் மருத்துவர். தட்டில் ஒரு செல்கூட அதனால் செத்ததில்லை. என் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் நான்கு வாரம் விட்டிருந்தால் முடி வளர்ந்திருக்கும். அந்த நான்கு வாரத்தை எனக்குக் கொடுக்காதவர்கள்தான் குற்றவாளிகள்.

மருத்துவமனையில் என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அங்கே குளிர் அதிகம்.

குழந்தை சம்மதித்தாளா என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஊசி போட்டது நான். பொய் சொன்னது நான். அசைந்தால் ஊசி தவறிவிடும் என்று அவள் கைகளை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டியதும் நான்தான். ஆனால் அந்த ஆறு சனிக்கிழமைகளில், அந்த நாற்காலியில், குட்டி ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.